குறுஞ்செய்தி யார் கைக்குப் போகிறது?

கித்துல்கலப் பகுதியில் மழை பெய்யும் காலையில் றப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. பால்வெட்டு நின்றால் கூலியும் குறையும். அப்படிப்பட்ட நாள்களுக்காகவே இங்குள்ள தோட்டத்துப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து சிறுகச் சிறுகச் சேமிக்கிறார்கள். அந்தக் கணக்குகளை இணையச் செயலி ஒன்றில் ஏற்ற நாம் முன்வந்தோம். கணனி கற்ற தோட்டத்து இளைஞர்கள் இருவரே அதை எழுதினார்கள்.

பணம் கட்டியதும் உறுப்பினரின் கைத்தொலைபேசிக்கு மொத்தத் தொகையுடன் குறுஞ்செய்தி போகும்படி செய்திருந்தோம். நல்ல ஏற்பாடு என்றே எண்ணினோம். ஆனால் பல லயத்து வீடுகளில் இருப்பது ஒரே தொலைபேசி. அதுவும் கணவரிடமோ மகனிடமோ இருக்கும். மகளின் உயர்தரப் படிப்புக்கென ஓர் அம்மா யாருக்கும் சொல்லாமல் சேர்த்துவந்த பணம் எவ்வளவு என்பதை அவருடைய கணவர் எமது செய்தியைப் பார்த்தே அறிந்துகொண்டார். அடுத்த வாரமே அதில் பெரும்பகுதி தவறணைக்குப் போயிற்று.

"பொஸ்தகத்துல எழுதினீங்க, அது ஏன் பொட்டிக்குள்ள கெடந்துச்சு. இது ஊட்டுக்கே கேக்குற மாதிரி கத்துதே, பாதர்" என்றார் அந்த அம்மா. எம்மிடம் பதில் இல்லை.

அதன் பிறகுதான் அமைப்புகள் பக்கத்தைப் பற்றி யோசித்தோம். மொழி, எழுத்தின் அளவு, செய்தி வரவேண்டுமா வேண்டாமா என்பவற்றை ஒவ்வொருவரும் தமக்கேற்றபடி மாற்றிக்கொள்ளும் பக்கம் அது. உள்வேலை கடினமல்ல. தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை. யாருடையது, எந்த அமைப்பு, என்ன தெரிவு என மூன்று நிரல்கள். ஒருவர் எதையாவது மாற்றினால் மட்டும் அதில் ஒரு வரி சேரும். வரி இல்லாதவருக்கு எல்லாருக்கும் பொதுவான இயல்புநிலையே செல்லும். முன்கூட்டியே அனைவருக்கும் வரி எழுதிவைத்தால், எதை உறுப்பினர் தாமே தெரிவுசெய்தார், எதை நாம் அவர் தலையில் கட்டினோம் என்று பின்னர் பிரித்தறிய முடியாது. தெரிவுகளைத் தொலைபேசியில் வைக்காமல் உறுப்பினரின் கணக்கிலேயே வைத்தோம். ஒரே தொலைபேசியை மூன்று பேர் பாவிக்கிறார்களே! மாற்றுவது யார் என்பதையும் படிவத்தில் வரும் உறுப்பினர் இலக்கத்தை நம்பித் தீர்மானிக்கக்கூடாது. உள்நுழைந்தவர் யாரோ அவருடைய அமைப்பை மட்டுமே மாற்ற இடமளிக்க வேண்டும். இல்லாவிட்டால், இலக்கத்தை மாற்றி எழுதத் தெரிந்த எவரும் அடுத்தவர் கணக்கில் கை வைக்கலாம்.

எம்மை அதிகம் அலைக்கழித்தது மொழிதான். எந்த மொழி வேண்டும் என்பதை உலாவி தானாகவே வழங்கிக்கு அறிவிக்கும். ஆனால் கடையில் வாங்கியபடி ஆங்கிலத்திலேயே விடப்பட்ட தொலைபேசி ஆங்கிலத்தைத்தான் கேட்கும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது உண்மை. தொலைபேசிக்கு அது தெரியாது. எமது முதல் திரையில் மொழிகளின் பெயர்களை ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தோம். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர் அதில் தமிழை எப்படிக் கண்டுபிடிப்பார்? இப்போது ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்தில், எல்லாப் பக்கங்களின் தலைப்பிலும் இருக்கிறது. சிலர் மொழிக்கு அடையாளமாகக் கொடிப்படம் போடுவதுண்டு. தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியைப் போடுவதாம்? இன்னொரு சங்கடமும் வந்தது. தமிழைத் தெரிவுசெய்ததும் இலட்சம் ரூபாய் 1,00,000 என்று இந்திய முறையில் காட்டியது. இங்கே 100,000 என்றே எழுதுகிறோம். இலக்கம் எழுதும் முறையை மொழியிலிருந்து பிரித்து வைக்கவேண்டியதாயிற்று.

பக்கம் தயாரானதும் இளைஞர்களுக்கு மகிழ்ச்சி. "செய்தியை நிறுத்த இப்போது வழியிருக்கிறது" என்றார்கள். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. அவர்களும் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். திறக்காத மற்றவர்களுக்கெல்லாம் நாம் வைத்த இயல்புநிலைதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவும் அதைத் திறந்திருக்கமாட்டார். எனவே செய்தி அனுப்புவதை இயல்பாகவே நிறுத்திவைத்தோம். வேண்டுமென்பவரிடம் சங்கச் செயலாளர் தனியே கேட்டு, அந்தத் தொலைபேசி யாரிடம் இருக்கும் என்பதையும் விசாரித்த பின்பே திறந்துவிடுகிறார். செய்தியில் இப்போது தொகை இருப்பதில்லை. ஒருமுறை சம்மதித்தவர் பிறகு வேண்டாமென்றால் அதே பக்கத்தில் ஒரே தொடுகையில் நிறுத்தலாம். சம்மதத்தை மீளப்பெறும் உரிமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்கிறது.

அந்த அம்மா போன மாதம் மீண்டும் நூறு ரூபாய் கொண்டுவந்தார். செய்தி போகாது என்று திரையைக் காட்டினோம். பார்த்துவிட்டு, புத்தகத்திலும் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக்கொடுத்தோம்.