ஐந்து விநாடியில் அணையும் டெக்

பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டி, பிளக்கைச் செருகிக் கேசட்டைத் தள்ளினால், பழைய விஎச்எஸ் வீடியோ டெக் பெரும்பாலும் ஒழுங்காகவே வாங்கிக்கொள்கிறது. உள்ளே ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். திரையில் இரண்டு விநாடி யாரோ மாலையும் கழுத்துமாகத் தெரிகிறார்கள். அப்புறம் ‘டக்’. டெக் தானாகவே அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டாலும் அதே கதை. மூன்றாம் முறைக்குள் வீட்டில் யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: “அது செத்துப்போச்சு, பழைய இரும்புக்குப் போட்டுரு.”

சாகவில்லை. உஷாராக இருக்கிறது, அவ்வளவுதான். படம் ஓடும்போது டிரம் என்ற உருளையைச் சுற்றிவரும் நாடாவைக் கேசட்டின் வலப்பக்கச் சக்கரம் சுருட்டிக்கொள்ள வேண்டும். அது சுற்றாவிட்டால் நாடா உள்ளேயே குவிந்து கசங்கும். ‘டெக் டேப்பைத் தின்னுடுச்சு’ என்று சொல்வது இதைத்தான். சக்கரம் நின்றுவிட்டதை ஒரு சென்சார் கவனித்து, சில விநாடிகளில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. சக்கரம் ஏன் நின்றது? பல டெக்குகளில் காரணம் ஒரு ரப்பர் வளையம். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இப்படியும் அப்படியும் சாய்ந்து அவற்றைச் சுழற்றும் ஐட்லர் என்ற குட்டிச் சக்கரத்தின் டயர் அது. முப்பது வருஷத்தில் இறுகிப்போய், பிடிப்பு விட்டு வழுக்குகிறது.

புது டெக் வாங்கிவிடலாமே என்றால், புதிதாகச் செய்வார் இல்லை. ஜேவிசி நிறுவனம் ஜப்பானில் முதல் விஎச்எஸ் டெக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1976-ல். அதற்கு முந்தைய ஆண்டே வந்திருந்த சோனியின் பீட்டாமேக்ஸை அது ஓரங்கட்டியது. உலகில் கடைசிவரை டெக் தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 1.5 கோடி டெக் விற்ற நிறுவனம், 2015-ல் விற்றது 7.5 லட்சம். வாங்குவோர் குறைந்தது ஒரு பக்கம். உதிரி பாகம் செய்து தர ஆள் கிடைக்காதது இன்னொரு பக்கம். 2024-ல் அந்த நிறுவனமே திவாலானது. இன்று ‘புது டெக்’ என்று விற்கப்படுவதும் பெட்டி பிரிக்காத பழைய டெக்தான். அதற்குள் இருக்கும் ரப்பருக்கும் அதே வயது.

தமிழ்நாட்டில் டெக் என்றால் வாடகை டெக்தான் பலருக்கு முதலில் நினைவு வரும். டிவி, டெக், மூன்று கேசட் என்று ஒரு ராத்திரிக்கு எடுத்துவந்து, தெருவே உட்கார்ந்து விடிய விடியப் பார்த்த காலம் அது. அந்தப் படங்களை இன்று கேசட்டில் தேடுவார் யாருமில்லை, கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. டெக்கைத் தேடவைப்பது கல்யாணக் கேசட். காதுகுத்து, வளைகாப்பு, இப்போது இல்லாத தாத்தா பந்தியில் நின்று “இன்னும் கொஞ்சம் சாம்பார் போடுப்பா” என்று அதட்டும் காட்சி. இவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ எடுத்த கேசட்டைக் கனடாவுக்குக் கொண்டுபோனவர்களுக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. டிவி ஒளிபரப்பில் இந்தியாவும் இலங்கையும் பிஏஎல் முறை, கனடா என்டிஎஸ்சி. கேசட் அங்கத்திய டெக்குக்குள் அழகாகப் போகும், படம் மட்டும் ஒழுங்காக வராது. இரண்டையும் படிக்கும் மல்டி-சிஸ்டம் டெக் ஒன்று பழுதாகிக் கிடந்தால், அதைக் குப்பையில் போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பது நல்லது.

மேல்மூடியைக் கழற்றியதும் கண்ணில் படுவது, சற்றே சாய்ந்து நிற்கும் பளபளப்பான உருளை. இதுதான் டிரம். குறுக்களவு 62 மில்லிமீட்டர். பிஏஎல் டெக்கில் இது நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. நாடாவோ விநாடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான் நகர்கிறது, எறும்பு ஊர்வதுபோல. டிரம் சாய்ந்திருப்பதால், அதில் பதித்த ஹெட்கள் நாடாவின் குறுக்கே சாய்கோடுகளாக, விநாடிக்கு 50 கோடு வீதம் படித்துக்கொண்டே போகின்றன. ஒரு கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. மூன்று மணி நேரக் கேசட்டில் இருக்கும் கால் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நாடா முழுக்க, ஹெட் இந்தக் கோட்டைப் பிடித்தே ஓட வேண்டும். அழுக்கு ஒரு துளி ஒட்டினாலும் படம் புள்ளி புள்ளியாய்ப் போய்விடுவதில் ஆச்சரியம் என்ன?

ஹெட்டைத் துடைப்பதில்தான் ஆர்வக்கோளாறு மிக்கவர்கள் டெக்கைக் கொன்றுவிடுகிறார்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்து மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது. ஹெட்டின் முனை ஃபெரைட்டால் ஆனது. பஞ்சு நூல் மாட்டினால் முறிந்துவிடும். வெள்ளைத்தாள் துண்டு ஒன்றை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிரம்மின் மேல்பகுதியை மெதுவாகச் சுற்ற வேண்டும். நகர்வது டிரம்தான், தாள் அல்ல. இரண்டு மூன்று சுற்றில் தாளில் பழுப்புக் கோடு விழும். நாடாவிலிருந்து உதிர்ந்த துகள் அது.

ரப்பர் சமாச்சாரம் இதைவிட எளிது. ஐட்லர் டயருக்குச் சரியான அளவில் ஓ-ரிங் கிடைத்தால் போதும். குழாய்ச் சாமான் விற்கும் கடையிலேயே பொருந்துவது அகப்படலாம். நாடாவை அழுத்திப் பிடித்து இழுக்கும் பின்ச் ரோலர் பளபளத்துப் போயிருந்தால், ஆல்கஹாலில் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் லேசாகச் சுரண்டினால் கொஞ்ச காலம் பிடிக்கும். பெல்ட் சில டெக்குகளில் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். பொறுமையாக வழித்தெடுக்க வேண்டும். கேசட்டை வாங்கிய கையோடு வெளியே துப்பும் டெக்கில், பாகங்கள் எந்த நிலையில் நிற்கின்றன என்று சொல்லும் மோட் ஸ்விட்ச் கறுத்திருக்கக்கூடும். எது எப்படியானாலும் தேங்காய் எண்ணெயை மட்டும் யாரும் ஊற்ற வேண்டாம். அது காலப்போக்கில் பிசினாகி, தூசியைச் சேர்த்துக்கொண்டு, அடுத்து வரும் மெக்கானிக்கின் வாயில் வசவாக வெளிவரும்.

மூடியைத் திறந்துவைத்துச் சோதிப்பவர்களை டெக் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். நாடாவின் இரு நுனிகளிலும் ஒளி ஊடுருவும் வெற்றுத்துண்டு இருக்கிறது. கேசட்டின் நடுவிலிருந்து புறப்படும் அகச்சிவப்பு ஒளி அதன் வழியே பக்கத்துச் சென்சாரை எட்டியதும், ‘நாடா முடிந்தது’ என்று டெக் நின்றுவிடும். மேலே பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தால் அந்த வெளிச்சத்தையே டெக் நாடாவின் முடிவாக எடுத்துக்கொள்ளும். பழுதைச் சரிசெய்த பிறகும் ஓடவில்லையே என்று தலையைச் சொறிபவர், முதலில் அந்த விளக்கை அணைத்துப் பார்க்கலாம்.

கை வைக்கக் கூடாத இடம் பவர் சப்ளை. சுவிட்சைப் போட்டதும் கடிகாரம் மங்கலாக மின்னினாலோ டெக் உயிர் பெறாவிட்டாலோ, பெரும்பாலும் அங்கே காய்ந்துபோன கண்டென்சர் ஒன்று இருக்கும். மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் பிந்தைய டெக்குகளின் பவர் சப்ளையில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிவைத்திருக்கும் பெரிய கண்டென்சர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சும்மா இருப்பதில்லை. இதை டிவி மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே சரி. எவ்வளவு திறமை இருந்தாலும் தேய்ந்த ஹெட்டை மட்டும் யாராலும் தேற்ற முடியாது. அதற்கு இன்னொரு பழைய டெக்கைப் பலிகொடுத்து டிரம்மை எடுக்க வேண்டும். ஆகவே ஓடாத டெக்கும் உதவும்.

யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் உலக அமைப்பான ஐஏஎஸ்ஏயும் 2019-ல் ஓர் எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கின. 2025-க்குப் பிறகு காந்த நாடாக்களைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிடும், அதற்குள் டிஜிட்டலாக்கிவிடுங்கள் என்பது அதன் சாரம். பெரிய காப்பகங்களுக்குச் சொன்னது அது. இங்கே பீரோவின் அடித்தட்டில் இருக்கும் கேசட்டுக்கும் பொருந்தும்.

டெக் தேறியதும் நேரே கல்யாணக் கேசட்டைப் போட்டுவிடக் கூடாது. போனால் போகட்டும் என்கிற பழைய சினிமாக் கேசட் ஒன்றை முன்னே, பின்னே என்று முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகே மற்றது. அந்த மற்றதையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அப்படியே போட்டால் டிரம்மில் ஒட்டி, அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் தொற்றும். சுத்தமாக இருந்தால், ‘முதலில் பார்ப்போம், அப்புறம் காப்பி எடுக்கலாம்’ என்று உட்காராமல், கேப்சர் கருவியை முன்பே மாட்டி, ட்ராக்கிங் குமிழைத் திருகிக் கோடுகளைக் கீழே ஒதுக்கிவிட்டு, முதல் ஓட்டத்தையே கணினியில் பதிய வேண்டும். இரண்டாவது ஓட்டத்துக்கு அந்த நாடா தாங்குமா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.