ஒரு சாய்கோடும் பன்னிரண்டு எண்களும்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வழக்கறிஞர் அலுவலகங்கள் இருக்கும் வரிசையில் நடந்தால், 'பெசுருஜாயா சும்பா' என்று எழுதிய பலகை கண்ணில் படும். சத்தியப் பிரமாண ஆணையரின் இடம் அது. ஒரு மேசை, ஒரு முத்திரை, காத்திருக்கச் சில நாற்காலிகள். பல காரியங்களுக்கு மக்கள் அங்கே வருகிறார்கள். மலேசியத் தமிழர்களான நம் மக்களுக்கு நன்றாகப் பழகிப்போன காரியம் ஒன்று உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருக்கும் இரண்டு பெயர்களும் ஒரே ஆளுடையவைதான் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுதிமொழி கொடுப்பது. அப்பா இறந்தபின் அவருடைய சேமநிதிப் பணத்தை எடுக்க அலைந்த பிள்ளைகளுக்கு அந்தத் தாளின் அருமை தெரியும்.

பெரிய நிறுவனங்கள் இன்று தனிப்பிரிவு வைத்து நடத்தும் 'தகவல் ஆளுகை'யின் சாரம் முழுவதும் அந்த ஒற்றைத் தாளில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இந்தத் தகவல் உண்மை என்று யார் பொறுப்பேற்கிறார்? யார் திருத்தலாம், யார் பார்க்கலாம், எப்போது அழித்தாக வேண்டும்? சிக்கல் வருவதற்கு முன்பே இவற்றுக்குப் பதில் எழுதி, ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் ஆளை நிறுத்துவதுதான் அந்த வேலை.

பெயர் ஏன் இரண்டாகிறது? தோட்டத்துக் காலத்துக்குப் போக வேண்டும். பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு, செக்ரோலில் ஆள் கணக்கு எழுதிய காலம். தொழிலாளி தன் பெயரை வாயால் சொல்வார்; கிராணி என்ற தோட்ட எழுத்தர் தன் காதுக்கு எட்டியபடி ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வார். தமிழின் ஒரே பகரம் இடத்துக்கேற்ப இரண்டு ஒலி தரும். ஆங்கிலத்திலோ அதற்கு இரண்டு எழுத்துகள். ஆகவே ஒரு 'கோபால்' பேங்க்கின் முதலெழுத்தோடும் இன்னொரு கோபால் பென்சிலின் முதலெழுத்தோடும் பதிவானார்கள். 'ஞானம்' ஓரிடத்தில் ஜி-யில் தொடங்கியது, வேறோரிடத்தில் என்-னில். உடன்பிறந்தவர்களின் அட்டைகளில் அப்பா பெயர் இரண்டு விதமாக இருக்கும் குடும்பங்கள் நமக்குப் புதிதல்ல.

இந்தச் சிக்கலுக்கு விதிமுறையால் தீர்வு காணும் முயற்சி நூறாண்டு பழையது. 1918-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸல் என்பவர் ஓர் எளிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். சவுண்டெக்ஸ் என்று பின்னாளில் பெயர் பெற்றது அது. இன்று வழங்கும் வடிவத்தில், பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒலி நெருக்கமுள்ள மெய்களுக்கு ஒரே எண் கொடுப்பார்கள். உதட்டில் பிறக்கும் பகர ஒலிகள் இரண்டுக்கும் 1, ரகரத்துக்கு 6, மகர னகரங்களுக்கு 5. சுப்ரமணியம் என்பதை எந்தப் பகரத்தால் எழுதினாலும் எஸ்165 என்றே வரும். அழகான வேலை!

பழனி என்ற பெயரிடம் அது தோற்றுவிடுகிறது. ழகரத்தை நம் பெரியவர்கள் எல் என்று எழுதினார்கள். இளையவர்கள் இசட்-எச் என்று எழுதுகிறார்கள். முதல் பழனிக்கு பி450, இரண்டாவது பழனிக்கு பி250. ஆங்கிலேயப் பெயர்களுக்காகச் செய்த சல்லடையில் நம் ழகரம் சிக்குவதில்லை. கருவி பழுதில்லாமல் இயங்குகிறது, விடை மட்டும் தவறு. இதைக் கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் பட்டியலைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது சாய்கோடு. மலேசிய அடையாள அட்டையில் தமிழர் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' நிற்கும். அனாக் லெலாகி, அனாக் பெரெம்புவான். மகன், மகள். மனிதக் கண்ணுக்கு அது உறவைச் சொல்லும் சின்னக் கோடு. கணினிக்கோ அது வேறு வேலைக்காக ஒதுக்கப்பட்ட குறி: கோப்பின் பாதையைப் பிரிப்பது, இணைய முகவரியை வெட்டுவது. விமானப் பயண முன்பதிவில் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிப்பதே சாய்கோடுதான். குடும்பப் பெயரே இல்லாத நமக்கு அந்தக் கோடு எங்கே விழுவது? ஓர் அமைப்பு அதை அப்படியே வைத்திருக்கும், ஒன்று 'ஏஎல்' என்று சேர்த்துவிடும், ஒன்று இடைவெளி விடும், இன்னொன்று படிவத்தையே ஏற்காது. ஓர் ஆள், நான்கு பதிவுகள்.

பெயரை நம்ப முடியாதபோது எண்ணை நம்புகிறோம். மைகார்ட் எனும் மலேசிய அடையாள அட்டை 2001 செப்டம்பரில் வந்தது; அதன் 12 இலக்க எண் அதற்கும் முந்தியது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம்: சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14 என்பது போல. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண் தானே பேசுகிறது. இந்தியாவின் ஆதார் எண்ணுக்கும் 12 இலக்கம்தான். ஆனால் அது எதையும் சொல்லாது. பதினொன்று தற்செயலாக வருபவை. கடைசி இலக்கம், முன்னுள்ளவற்றில் ஒன்று தவறிப்போனாலும் அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் காவல் எண்.

பேசும் எண் கவுண்டரில் வசதியானது. அதற்கு ஒரு விலையும் உண்டு. உங்கள் பிறந்தநாளை முகநூலில் வாழ்த்தியவருக்கு முதல் ஆறு இலக்கமும் தெரிந்துவிட வாய்ப்புண்டு. பிறந்த மாநிலமும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்தால், எஞ்சும் நான்கு இலக்கங்களுக்கு அதிகபட்சம் 5,000 வாய்ப்புகள்தாம். மனிதருக்கு அது பெரிய எண்ணிக்கை. கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம். இந்த எண்ணை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம், கடவுச்சொல்லாக ஒருபோதும் வைக்கக்கூடாது. இந்த ஒரு விதியை எழுதிவைத்துக் கண்டிப்பாகக் காப்பதே பாதி ஆளுகை.

2017 அக்டோபரில் லோயாட்.நெட் செய்தித் தளம் ஒரு கசிவை வெளிப்படுத்தியது. 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரம்: அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, சிம் அட்டைக் குறிப்புகள். நாட்டின் மக்கள்தொகை அப்போது சுமார் 32 மில்லியன். பலரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருந்ததால் ஆட்களைவிட எண்கள் கூடுதல். திருடு போனவை சில ஆண்டுகள் பழைய தரவுகள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த தேதியை எப்படி மாற்றுவது? ஆகவே அந்தப் பழைய தரவு இன்றும் பழையதாகிவிடவில்லை.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. தேவையான காலத்துக்கு மேல் தரவை வைத்திருக்கக் கூடாது என்பது அதன் ஏழு கோட்பாடுகளில் ஒன்று. 2024-இல் வந்த திருத்தம் அதற்குப் பல் வைத்தது. அதிகபட்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. 2025 ஜூன் முதல், கடுமையான கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். 20,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவைக் கையாளும் நிறுவனம் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். எந்தத் தரவு எந்த இடத்தில், யார் பொறுப்பில் இருக்கிறது என்ற வரைபடம் கையில் இல்லாத தொழில்நுட்பத் தலைவருக்கு 72 மணி நேரம் தேடுவதிலேயே கரைந்துவிடும். இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நம்மைப் பற்றி அதிகம் அறிந்திருப்பது அரசாங்கம்தானே.

இப்போது இந்தக் குவியலின் மேல் செயற்கை நுண்ணறிவு வந்து உட்கார்ந்திருக்கிறது. கடன் கொடுக்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டு ஒழுங்காகத் தவணை கட்டிய பழனியின் வரலாறு, ழகரத்தால் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அதைப் படிக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிக்குத் தெரிவதெல்லாம் வரலாறு குறைந்த இரண்டு ஆட்கள். இருவருமே ஆபத்தானவர்கள் என்று அது மதிப்பிடும். பழைய கிராணியிடம் போய்ச் சண்டை போடலாம். இதனிடம் யார் போய் என்ன கேட்பது? மலேசியா 2024 செப்டம்பரில் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு நெறிமுறை வழிகாட்டி நியாயம், வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை உட்பட ஏழு கொள்கைகளைச் சொல்கிறது. அது தானாக விரும்பி ஏற்க வேண்டிய வழிகாட்டி. விரும்பி ஏற்கும் நிறுவனமும் முதலில் திறந்து பார்க்க வேண்டியது மாதிரியை அல்ல, அதற்குத் தீனியாகும் பெயர்ப் பட்டியலை.

'பெயர்களை நீக்கிவிட்டுத்தான் பயிற்சி கொடுத்தோம்' என்ற பதிலும் போதாது. லட்டானியா ஸ்வீனி என்ற அமெரிக்க ஆய்வாளர், அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றே மூன்று விவரங்களால் அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று 2000-இல் கணக்கிட்டார். அந்த மூன்றில் இரண்டு, நம் அடையாள எண்ணுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன.

தவறான பெயரைத் திருத்தச் சொல்லிக் கேட்கும் உரிமையைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. நிறுவனம் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் முத்திரை வாங்கிய தாளை நீட்டினால், எழுத்தர் திரையில் ஓர் எழுத்தை மாற்றுவார். அந்தத் திரைக்குப் பின்னால் அதே பெயரின் நகல்கள் கிளை அலுவலகத்திலும் காப்பு வட்டிலும் பகுப்பாய்வாளரின் கணக்குத் தாளிலும் கிடக்கும். தரவு எங்கிருந்து எங்கே ஓடியது என்ற வழித்தடக் குறிப்பு இருந்தால் அவற்றையும் தேடிப்பிடிக்கலாம். பயிற்சி முடிந்த மாதிரிக்குள் அது எந்த முகவரியிலும் இல்லை. எடைகள் என்னும் கோடிக்கணக்கான எண்களில் துளித்துளியாகக் கரைந்திருக்கிறது. கற்றதை மறக்கவைக்கும் வழியைக் கணினி அறிவியலாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இப்போதைக்கு நிச்சயமான வழி, திருத்திய பட்டியலோடு முதலிலிருந்து மறுபடியும் பயிற்றுவிப்பதுதான். அந்தச் செலவை அறிந்தவர்கள், பயிற்சி தொடங்குவதற்கு முன்பே, பழனியை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பட்டியலைப் பிரித்துப் பார்த்துவிடுகிறார்கள்.