சுவரில் தொங்குபவை – 9: சாம்பலின் உப்பு

சென்ற வாரம் குத்தம்பாக்கத்துக் கிடங்கொன்றின் மாடிப்படியருகே, சிவப்புத் தீயணைப்புக் குடுவைக்கு முன்னால் என்னை நிறுத்திவிட்டு, இடம் போதவில்லையென்று முடித்துக்கொண்டேன். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்வார்களாக.

வியாபார ஸ்தலங்களுக்கு உலர்ரசாயனத் தீயணைப்பானைத் தேர்ந்தெடுப்பது எப்படி, தேர்ந்தெடுத்ததைப் பராமரிப்பது எப்படி என்ற இரண்டையும் இந்த வாரமே சொல்லிவிடுவதாக வாக்களித்திருந்தேன். வாக்கைக் காப்பாற்றுகிற உத்தேசம் இப்போதும் எனக்கு உண்டு. ஆனால் நடுவில் ஒரு பிரிட்டிஷ் காப்டன் குறுக்கிட்டுவிட்டார். அவரை அப்புறப்படுத்த நான் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை.

முதலில் கிடங்கு. பூந்தமல்லியைக் கடந்து, நசரத்பேட்டையையும் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள், கோயம்பேட்டின் நெரிசலைக் குறைப்பதற்காக மேற்கே செல்லும் பேருந்துகளுக்கென்று எழுப்பிய முனையத்தையும், சில வருஷங்களுக்கு முன்வரை நெல் விளைந்த நிலத்தில் தகரக் கூரையுடன் நிற்கும் கிடங்குகளின் வரிசையையும் பார்த்திருப்பார்கள். அவற்றில் ஒன்றில், அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொடுமளவுக்கு அடுக்கப்பட்டிருந்த இடத்தில், மேற்பார்வையாளர் என்னிடம் குடுவையின் முகத்திலிருந்த சிறு கடிகாரத்தைக் காட்டி, "முள்ளு பச்சையிலதான் சார் நிக்குது, ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்றார். அன்றைக்கு ரீஃபில் செய்கிறவரும் வந்திருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் குடுவையைக் கழற்றி, தலைகீழாகக் கவிழ்த்து, என் காதருகே கொண்டுவந்து பிடித்தார். நல்ல பொடியாயிருந்தால் மணல் சரிவதுபோல ஒரு ஓசை கேட்க வேண்டும். இரண்டு மூன்று விநாடி நிசப்தமாயிருந்தது. பிறகு 'தொப்' என்று ஏதோ விழுந்தது. ஐப்பசி மழையில் மூடி சரியாக மூடாமல் வைத்த உப்பு ஜாடியைக் கவிழ்த்தவர்களுக்கு அந்தச் சப்தம் பரிச்சயமானதுதான்.

மேற்பார்வையாளர் சொன்னது பொய்யல்ல. முள் பச்சையில்தான் நின்றது. ஆனால் அந்த முள் குடுவைக்குள் அடைத்திருக்கும் வாயுவின் அழுத்தத்தை மட்டுமே அறியும். பொடியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பொடி முழுவதும் கல்லாக இறுகிப்போயிருந்தாலும் அது பச்சையிலேயே நிற்கும். ஆபத்து வேளையில் பிடியை அழுத்தினால் காற்று மட்டும் சீறிக்கொண்டு வந்து தீக்கு விசிறிவிடும். குடுவை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் முள்ளைப் பார்த்துத் திருப்தியடைந்து விடுகிறார்கள். உள்ளே இருப்பது என்ன பொடி, அது இன்னும் பொடியாகத்தான் இருக்கிறதா என்று விசாரிப்பவர் அபூர்வம். நானும் அன்றுவரை விசாரித்தவனல்லன்.

ரீஃபில் செய்கிறவர் கவிழ்த்த நிலையிலேயே பிடியை அழுத்தினார். பொடி வெளியே வரவில்லை, வாயு மட்டும் மெல்லக் கழிந்தது. உள்ளே அடிவரை இறங்கும் குழாயின் வாய், கவிழ்க்கும்போது பொடிக்கு மேலே வந்துவிடுகிறது என்பதுதான் யுக்தி. அழுத்தம் முழுவதும் போன பிறகு தலையைத் திருகித் திறந்து, உள்ளிருந்ததை ஒரு காகிதத்தில் கொட்டினார். வெளிர் மஞ்சளாய்ச் சில கட்டிகளும் கொஞ்சம் தூளும் வந்தன. அந்தத் தூளைப் பற்றி அறிந்துகொள்ளலாமென்று வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கியபோதுதான் காப்டன் மேன்பி வந்து சேர்ந்தார்.

ஜார்ஜ் வில்லியம் மேன்பி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் யார்மவுத் நகரத்துப் படைவீடுகளின் அதிகாரியாயிருந்தவர். கரைக்கு அருகிலேயே தரைதட்டி உடையும் கப்பல்களுக்குப் பீரங்கி மூலம் கயிற்றை எறிந்து, அவற்றில் இருந்தவர்களைக் கரையேற்றும் சாதனம் ஒன்றை அமைத்துப் புகழ்பெற்றவர். 1813-இல் எடின்பரோவில் உயரமான கட்டடமொன்று எரிந்தபோது, தண்ணீர்க்காரர்கள் மேல்மாடிகளை எட்ட முடியாமல் கீழே நின்று தவித்ததை அவர் கண்டார். ஒரு மனிதன் தோளில் சுமந்துகொண்டு படியேறக்கூடிய தீயணைப்பான் வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு அப்போது உதித்தது. 1818-இல் அவர் செய்து காட்டியது ஒரு செப்புப் பாத்திரம். அதில் மூன்று காலன், அதாவது ஏறத்தாழ 13.6 லிட்டர் திரவம். மேலே காற்றை அழுத்தி அடைத்து ஒரு திருகு. இன்று நம் படிக்கட்டுகளில் தொங்கும் குடுவையின் பாட்டனார் இவரே. பிற்காலத்தில் மேன்பிக்கு நெல்சன்மீது ஏற்பட்ட பித்து, வீட்டை அந்தக் கடற்படைத் தளபதியின் ஞாபகப் பொருள்களுக்குக் காட்சிசாலையாக்கிவிட்டுத் தாம் கீழறையில் ஒதுங்கி வாழுமளவுக்கு முற்றியது என்றும், 1854-இல் வறுமையில் இறந்தார் என்றும் படித்தபோது, ஒரே விஷயத்தை வாரக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும் எனக்கு லேசாக அச்சம் தட்டியது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பாத்திரமன்று. அதற்குள் இருந்த திரவம். அது வெறுந் தண்ணீரல்ல. மரச்சாம்பலை நீரில் ஊறவைத்து வடிகட்டி, காய்ச்சி வற்றவைத்து, சூளையில் வெளுக்கச் சுட்டெடுத்த பொட்டாசியம் உப்பைக் கரைத்த கரைசல். நம் பாட்டிமார்கள் பித்தளைப் பாத்திரத்தைத் துலக்கிய அதே அடுப்புச் சாம்பலின் சாரம். தீ தின்று தீர்த்தபின் மிச்சம் வைத்த எச்சிலிலிருந்தே தீக்கு மருந்தெடுத்திருக்கிறார் மனிதர்! மேன்பிக்கு அது ஏன் வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்குச் சுமார் 140 வருஷங்களுக்குப் பின், 1950-களின் கடைசியில், அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக் கூடத்தில் பொட்டாசியம் பைகார்பனேட் பொடியைச் சோதித்தவர்கள், எண்ணெய்த் தீயில் அது சோடியப் பொடியைவிட ஏறக்குறைய இருமடங்கு வல்லமையுள்ளது என்று கண்டார்கள். ஊதா நிறமேற்றி, 'பர்ப்பிள் கே' என்று பெயரிட்டு, இன்றும் எண்ணெய்க் கிணறுகளிலும் விமான தளங்களிலும் அதை வைத்திருக்கிறார்கள்.

ஏன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் பொடி தீயை மூடி மூச்சுத் திணறச் செய்கிறது என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்ததைப் போலவே நீங்களும் நம்பிக்கொண்டிருப்பீர்கள். மூடுவது ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் சுவாலை என்பது ஊரில் பரவும் வதந்தியைப் போன்றது. ஒரு துகள் அடுத்ததைத் தூண்ட, அது வேறு இரண்டைத் தூண்ட, இப்படிச் சங்கிலித்தொடராக நடப்பதே எரிதல். நுண்ணிய உப்புப் பொடி அந்தக் கூட்டத்துக்குள் புகுந்ததும், காதில் விழுந்ததை மறுகாதுக்குச் சொல்லாத மனிதரைப்போல நடுவிலிருந்து தொடரை அறுத்துவிடுகிறது. சுவாலை கண்ணிமைக்கும் நேரத்தில் மறைவது இதனாலேதான். பொடி குளிர்விப்பதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். துணி மூட்டையின் நடுவில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்புக்குப் பொடி போய்ச் சேராது. மேலே அணைந்தாற்போல் தோன்றி, நாம் முதுகைத் திருப்பியதும் மறுபடி மூளும். துணியும் அட்டையும் குவித்த கிடங்குக்குப் பொடிக்குடுவை மட்டும் போதுமென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்தில் தண்ணீரும் இருக்க வேண்டும். 2017 மே 31 அதிகாலையில் தியாகராய நகர் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் பிடித்த தீ ஒரு நாளைத் தாண்டியும் எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதியே இடிந்து விழுந்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோமல்லவா? துணி அப்படிப்பட்டது.

சாம்பலை விட்டுவிட்டுச் சமையலறைக்கு வருவோம். பழைய பொடிக்குடுவைகளில் இருப்பது சோடியம் பைகார்பனேட். நம் வீடுகளில் அதற்கு ஆப்பச்சோடா என்று பெயர். எண்ணெய்த் தீக்கும் வாயுத் தீக்கும் அது உகந்தது; கட்டை, காகிதத்துக்கு அவ்வளவாக உதவாது. இப்போது கடைகளில் பெரும்பாலும் விற்பது ஏபிசி பொடி. அதன் முக்கிய சரக்கு மோனோ அம்மோனியம் பாஸ்பேட், அதாவது உரம். சொட்டுநீர்ப் பாசனம் செய்கிறவர்கள் மூட்டையில் '12:61:0' என்று பார்த்து வாங்குகிறார்களே, அந்த வஸ்துவேதான். சுமார் 190 டிகிரிச் சூட்டில் இளகி, எரியும் கட்டையின்மேல் கண்ணாடிபோல் ஒரு மெழுக்காகப் படிந்துகொள்வதால், இது திடப்பொருளின் தீக்கும் உதவுகிறது. நெல் போய்க் கிடங்கு வந்த நிலத்தில், உரம் மட்டும் வயலைவிட்டு வெளியேறாமல் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு சுவரில் தொங்குகிறது!

குத்தம்பாக்கத்தில் நின்றுகொண்டு ரசாயனம் பேசுகையில் ஒருவரைக் குறிப்பிடாமல் போவது நன்றாயிராது. 1996-இல் இந்த ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ ரங்கசாமி ஒரு ரசாயனப் பொறியாளர். மத்திய அரசின் விஞ்ஞான ஆராய்ச்சி உத்தியோகத்தைத் துறந்து ஊருக்குத் திரும்பியவர். மண்ணை அழுத்திச் செய்த கற்களைக் கொண்டு, தலித் குடும்பம் ஒன்றும் வேற்று ஜாதிக் குடும்பம் ஒன்றும் அடுத்தடுத்து வாழும்படி இரட்டை வீடுகள் எழுப்பப்பட்டது அவர் காலத்தில்தான். சுவரில் தொங்குபவற்றைப் பற்றி ஒன்பது வாரமாக எழுதுகிற நான், சுவரையே பகிர்ந்துகொண்டவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதக் கடமைப்பட்டவன். ஓலைக் கூரைக்கும் மண்கல் வீட்டுக்கும் தீயின் கண்ணில் எவ்வளவு வித்தியாசம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இனித் தேர்வு. வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலையன்று, 'என்னிடத்தில் எரியக்கூடியது என்ன?' என்பதே. அட்டையும் மரமும் எண்ணெயும் கலந்த கிடங்குக்கு ஏபிசி பொடி சரி. அதிலும் சந்தையில் 50 என்றும் 90 என்றும் இரண்டு தரம் உண்டு. பொடியில் பாஸ்பேட் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதை அந்த எண் குறிக்கிறது. மலிவாய்க் கிடைப்பது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் அறைக்கும் மின்பலகைக்கும் இந்தப் பொடி வேண்டாம். தீயை அணைக்கும், வாஸ்தவம். ஆனால் சூட்டில் அமிலத்தன்மை பெற்று, மிச்சமிருக்கும் செம்பையும் பற்றவைப்புகளையும் நாளடைவில் அரித்துவிடும். அங்கே கரியமில வாயுக் குடுவையே உத்தமம். கிடங்கோடு சேர்ந்த கேண்டீனுக்குத் தனிச் சட்டம். கொதிக்கும் எண்ணெய்மேல் காரப் பொடி பட்டால் மேலே சோப்பு நுரை படர்ந்து மூடிக்கொள்ளும். ஏபிசி பொடி அமிலச் சார்புள்ளதாகையால் அந்த உபகாரத்தைச் செய்யாது. ஆகவே வாணலிக்கென்றே ஈர ரசாயனக் குடுவை வந்திருக்கிறது. வெளிநாட்டுச் சீட்டொட்டிய குடுவை கையில் கிடைத்தால் இன்னொரு ஜாக்கிரதை: நமக்கு 'சி' என்றால் வாயுத் தீ, அமெரிக்கர்களுக்கு 'சி' என்றால் மின்சாரத் தீ. எழுத்து ஒன்றாயிருந்தும் அர்த்தம் வேறு.

எங்கே மாட்டுவது என்பதை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: எங்கே நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒரு குடுவை கையில் கிடைக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 2190, அந்த 15 மீட்டர் நடந்துபோகும் தூரமே தவிர, அட்டைப்பெட்டிகளைத் துளைத்துக்கொண்டு போகும் தூரமல்ல.

பராமரிப்பில் ஒரே ஒரு விஷயத்தை மாத்திரம் இந்த வாரத்துக்குள் அடக்குகிறேன், ஏனெனில் அது ஆபத்தானது. முன்பு ஆப்பச்சோடா இருந்த குடுவையைச் சரியாகத் துடைக்காமல் அதிலேயே உரப்பொடியை நிரப்பினால், காரமும் அமிலமும் ஈரம் கிடைத்தவுடன் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். உள்ளேயே கரியமில வாயு பிறந்து அழுத்தம் ஏறும். பொடி கட்டி தட்டும். ஆப்ப மாவு பொங்குவதைக் கண்டு சந்தோஷப்படுகிறோம். இரும்புக் குடுவைக்குள் அது பொங்கினால் அந்தச் சந்தோஷம் யாருக்கும் இராது. ரீஃபில் செய்கிறவர் குறைந்த விலை சொன்னால், எந்தப் பொடி போடுகிறீர், பழையதை எங்கே கொட்டினீர் என்று ஒரு தடவை கேட்டுவையுங்கள்.

மூன்று வருஷத்துக்கொருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை, பத்து வருஷ ஆயுள், ஒரு விநாடி அழுத்திப் பார்த்தாலும் முழுவதும் மறுபடி நிரப்ப வேண்டியதன் காரணம், ஊசியை உருவிய பிறகு கிடைக்கும் அந்தச் சில விநாடிகளை எப்படிச் செலவிடுவது ஆகிய யாவும் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. ஆசிரியர் ஏற்கெனவே இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

படித்ததையெல்லாம் சொல்ல மறுபடி கிடங்குக்குப் போய்விட்டு நான் கிளம்பும்போது மேற்பார்வையாளர் பின்னாலேயே வந்து, "உரம்தான்னு சொல்றீங்களே சார், அப்போ இதைச் செடிக்குப் போடலாமா?" என்று கேட்டார். ஈரம் ஒட்டாதபடி அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கோன் பூசியிருக்கிறார்களென்றும், தண்ணீரை அண்டவிடாத பொடி செடியின் வேருக்கு உடனே போய்ச் சேராதென்றும், ஜப்பானில் காலாவதியான பொடியை அந்தப் பூச்சு நீக்கிப் பக்குவப்படுத்தி உரமாக்குகிறார்களென்றும் சாவதானமாக விளக்கினேன். அவர் மரியாதையுடன் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் இருந்த செம்பருத்தியின் அடியில் அதற்குள் வெளிர் மஞ்சளாய் ஒரு பிடி கிடந்தது. மேலே ஊற்றிய தண்ணீர் பாதரசம்போல உருண்டு உருண்டு ஓடிக்கொண்டிருந்தது.

(தொடரும்)