உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: யாருக்கு ஏற்றது, எவ்வாறு ஆயத்தமாவது?

இந்தச் சிகிச்சை குறித்து விசாரிக்க வருவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ இருந்தால் செய்வீர்கள்?" என்பதாகும். எடையை மட்டும் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் உடல் நிறை குறியீட்டெண்ணே முதல் அளவுகோல். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் இந்த எண் கிடைக்கும். 160 செ.மீ. உயரமும் 90 கிலோ எடையும் உள்ளவருக்கு இது ஏறத்தாழ 35.

1991-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட வரையறை நெடுங்காலம் உலகெங்கும் பின்பற்றப்பட்டது. குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கடுமையான இணைநோய் உள்ளவருக்கு 35 போதும் என்று அது கூறியது. 2022-இல் பன்னாட்டு அறுவை சிகிச்சை அமைப்புகள் அதைத் திருத்தின. அதன்படி, 35-ஐ எட்டியவருக்கு இணைநோய் இல்லாவிடினும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம்; நீரிழிவு போன்ற வளர்சிதை மாற்ற நோய் உள்ளவருக்கு 30 முதற்கொண்டே பரிசீலிக்கலாம். ஆசிய மக்களுக்கு இந்த எல்லை இன்னும் தாழ்வானது: 27.5 முதல் பரிசீலிக்கலாம். நம்மவருக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து, நீரிழிவும் இதய நோயும் தோன்றிவிடுவதே காரணம்.

ஆயினும் மருத்துவத் தகுதி வேறு, காப்பீட்டுத் தகுதி வேறு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் இன்னும் 40 என்ற எண்ணையே கொண்டுள்ளன. கட்டுப்படாத இரண்டாம் வகை நீரிழிவு, இதயத் தமனி நோய், உறக்கத்தில் கடுமையான மூச்சுத்தடை போன்றவை இருந்து, மற்ற எடைக் குறைப்பு முறைகளும் பலனளிக்காத நிலையில் 35 ஏற்கப்படும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். ஆகவே, குறியீட்டெண் 33 உள்ள ஒரு நீரிழிவு நோயாளிக்கு மருத்துவர் பரிந்துரைத்தாலும் காப்பீட்டுத் தொகை கிடைக்காமற்போகலாம். சேர்க்கை நாளுக்கு முன்பே இதனை எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எண் பொருந்திய பின்னரும் ஆராய வேண்டியவை உள. எடை கூடியதற்குத் தைராய்டு குறைபாடோ, ஸ்டீராய்டு மருந்தோ, மனநலத்திற்கான சில மாத்திரைகளோ காரணமா என்று பார்க்கப்படும். கர்ப்பிணிகளுக்கும், மது அல்லது போதைப் பழக்கத்திலிருந்து மீளாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை ஒத்திவைக்கப்படும். மனநல ஆலோசகரிடம் அனுப்பப்படுவதைப் பலர் அவமதிப்பாகக் கருதுகின்றனர். அது தேர்வன்று. மனச்சோர்வோ, கட்டுக்கடங்காமல் உண்ணும் வழக்கமோ இருப்பின் முதலில் அதற்குச் சிகிச்சை அளித்து, பிறகு தொடரலாம். மறைத்தால்தான் பின்னர் இடர் வரும்.

ஆயத்தம்

இரத்தசோகை, வைட்டமின் பி12, வைட்டமின் டி, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கல்லீரல், இதயம் ஆகியவற்றிற்கான பரிசோதனைகளும், பலருக்கு எண்டோஸ்கோப்பியும் செய்யப்படும். உரக்கக் குறட்டை விடுபவர்க்கு உறக்கப் பரிசோதனை தேவைப்படலாம். இவற்றை மருத்துவமனையே வழிநடத்தும். உங்கள் பொறுப்பில் உள்ளவற்றுள் முதன்மையானது புகையிலை. பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை யாவற்றையும் குறைந்தது 6 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். புகைப்பிடிப்போருக்குத் தையல் ஆறுவது தாமதமாகும். நுரையீரல் தொற்றும் இரத்தக்கட்டும் நேரும் வாய்ப்பு மிகுதி.

மருந்துச் சீட்டு மட்டும் போதாது. உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையிலிட்டு எடுத்து வாருங்கள். இரத்தம் உறையாமைக்கான மருந்து, வலி மாத்திரை, கருத்தடை மாத்திரை, எடை குறைக்கும் ஊசி, நாட்டு மருந்து எதுவாயினும் சரி. நீரிழிவு மாத்திரைகளுள் சிலவற்றைச் சில நாட்கள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்.

அறுவைக்கு முந்தைய இரு வாரங்கள் குறைகலோரி உணவு பரிந்துரைக்கப்படுவது வழக்கம். கொழுப்பேறிய கல்லீரல் இரைப்பையின் மேல் கவிந்து, சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தும் மருத்துவருக்கு இடம் விடாது. இந்த உணவால் அது சுருங்கும். "இனிமேல் சாப்பிட முடியாதே, ஆசை தீரச் சாப்பிட்டுக்கொள்" என்று உறவினர் பிரியாணியும் இனிப்பும் கொண்டுவந்து கொடுப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அன்பினால் செய்வதுதான், ஆயினும் அந்த இரு வாரப் பயனை அது கெடுக்கிறது. வீட்டார் இதனை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

அதனினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இன்சுலினோ, கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர், பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்துகொண்டு உணவை மட்டும் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். உணவுத் திட்டம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் மருந்தின் அளவை மாற்றிப் பெறுங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றினால் உடனே மூன்று அல்லது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகச் செய்து, மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். மயங்கிய நிலையில் உள்ளவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டாமல் 108-ஐ அழையுங்கள்.

அறுவைக்குப் பின் உண்ணும் முறையை இப்போதே பழகலாம். சிறு கவளமாக எடுத்து நன்கு மென்று உண்ணுங்கள். உணவோடு தண்ணீர் அருந்தாமல் அரை மணி நேரம் கழித்துப் பருகுங்கள். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவைப்படும். சைவ உணவினர் பருப்பு, தயிர், பன்னீர், சோயா ஆகியவற்றைக் கொண்டு அதனை எட்டும் வழியை உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். வாழ்நாள் முழுதும் வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் தொடர வேண்டும். அவற்றை வாங்கவும், மறுபரிசோதனைக்கு வந்து செல்லவும் வசதி உண்டா என்பதையும் முடிவெடுக்கும் முன்பே குடும்பத்தோடு பேசுங்கள்.

குழந்தைப்பேறு விரும்பும் பெண்கள் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பதைத் தவிர்க்க வேண்டும். எடை குறையும்போது கருவுறும் வாய்ப்பு கூடும். பைபாஸ் செய்தவர்க்குக் கருத்தடை மாத்திரை முழுப் பயன் தராமற்போகலாம். மாற்று முறையை முன்னரே தேர்ந்துகொள்வது நலம்.

குறித்த நாளுக்குச் சற்று முன் காய்ச்சல், சளி, நெஞ்சுவலி, மாதவிலக்கு தள்ளிப்போதல் ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும், நாள் தவறிவிடுமே என அஞ்சி மறைக்காதீர்கள். உடல் தேறியபின் வேறு நாள் குறித்துக் கொடுக்கப்படும்.