வகுப்பறைக்கான வணிக நேர்வுகள்: எழுதும் முறையும் இசைவு நெறியும் – தென்சென்னைப் புறநகரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
வணிக மேலாண்மைக் கல்வியில் பயன்படும் கற்பித்தல் நேர்வுகளின் அமைப்பு, அவற்றை எழுதி வெளியிடும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தகவல் தருவோரின் இசைவு முழுமை பெறத் தமிழ் வடிவம் தேவை என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்
கற்பித்தல் நேர்வு, கற்பித்தல் குறிப்பு, இசைவு, தாம்பரம், மறைமலைநகர்.

முன்னுரை
நேர்வு என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. ஆய்வு நேர்வு ஒரு வினாவுக்கு விடை கண்டு, அதனைச் சான்றுகளால் நிறுவுகிறது. கற்பித்தல் நேர்வோ விடையைக் கூறாது. முடிவெடுக்க வேண்டியவரின் இடத்தில் மாணவரை நிறுத்துகிறது. இவ்வேறுபாட்டை உணராமல் எழுதப்படும் நேர்வுகள் நிறுவனத்தின் புகழுரையாகவோ வரலாற்றுச் சுருக்கமாகவோ முடிந்துவிடுகின்றன.

தோற்றமும் பரவலும்
1908இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு 1919இல் தலைவரான வாலஸ் டோனம் சட்டம் பயின்றவர். சட்டக் கல்வியில் வழக்குகளைக் கொண்டு கற்பிக்கும் முறையை அறிந்திருந்த அவர், அதனை வணிகக் கல்வியில் வேரூன்றச் செய்தார். 1921இல் அப்பள்ளியின் முதல் நேர்வு எழுதப்பட்டது. அது ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றியது. இந்தியாவில் 1961இல் தொடங்கப்பட்ட அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனம், ஹார்வர்டின் ஒத்துழைப்புடன் இம்முறையைக் கைக்கொண்டது.

தமிழ்நாட்டிலிருந்து உலக வகுப்பறைகளுக்குச் சென்ற நேர்வுகளுள் குறிப்பிடத்தக்கது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றியதாகும். 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அம்மருத்துவமனையைப் பற்றி வி. கஸ்தூரிரங்கன் எழுதிய நேர்வை 1993இல் ஹார்வர்டு வெளியிட்டது.

நேர்வின் அமைப்பு
நேர்வின் தொடக்கப் பத்தியிலேயே முடிவெடுப்பவர் யார், எந்த நாளில், எதைத் தீர்மானிக்க வேண்டியுள்ளது என்பன தெளிவாக வேண்டும். அந்நாளில் அவர் அறிந்திருந்தவை மட்டுமே நேர்வில் இடம்பெறலாம்.

இதற்குத் தாம்பரத்திற்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையில் அமைந்த மறைமலைநகர் தக்க களமாகும். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. அங்குள்ள அதன் ஆலையை மட்டுமே நம்பி உதிரிபாகம் செய்துவந்த ஒரு சிறுதொழில் உரிமையாளரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அறிவிப்புக்கு மறுநாள் அவர்முன் நிற்கும் வழிகள் மூன்று: வேறு வாகன நிறுவனத்தை நாடுவது, வேறு பொருளுக்கு மாறுவது, பட்டறையை மூடுவது. கொள்முதல் ஆணைகள், வங்கிக் கடன் தவணை, தொழிலாளர் எண்ணிக்கை, இயந்திரங்களை மாற்றியமைக்க ஆகும் செலவு ஆகியவை பின்னிணைப்பாக அமைய வேண்டும். ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை ஃபோர்டு 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசுக்குத் தெரிவித்தது. இச்செய்தி நேர்வில் இடம்பெற்றால் ‘காத்திருந்திருக்கலாம்’ என்று மாணவர் எளிதில் கூறிவிடுவர். மூன்று ஆண்டுத் தவணையை யார் செலுத்துவது என்ற வினா மறைந்துவிடும். எனவே அது கற்பித்தல் குறிப்புக்கு உரியது.

கற்பித்தல் குறிப்பும் வெளியீடும்
கற்பித்தல் குறிப்பு ஆசிரியருக்கு மட்டும் உரியது. நேர்வுச் சுருக்கம், கற்றல் நோக்கங்கள், விவாத வினாக்கள், அவற்றிற்கான பகுப்பாய்வு, காலப் பங்கீடு, பின்னர் நிகழ்ந்தவை ஆகியன அதில் அடங்கும். வளரும் சந்தைகளுக்கான எமரால்டு நேர்வுத் தொகுப்பு போன்ற மதிப்பாய்வு வெளியீடுகள் நேர்வோடு இக்குறிப்பையும் கேட்கின்றன. 1973இல் பிரிட்டனில் தோன்றி இன்று ‘தி கேஸ் சென்டர்’ எனப்படும் அமைப்பு, பல நிறுவனங்களின் நேர்வுகளைத் திரட்டி வழங்கிவருகிறது. அனுப்பும் முன் ஒருமுறையேனும் வகுப்பில் நடத்திப் பார்ப்பது நன்று. மாணவர் அனைவரும் ஒரே விடைக்கு வந்தால், அந்நேர்வில் தீர்மானிக்க ஏதுமில்லை என்பது புலப்படும்.

இசைவும் மொழியும்
பொதுவெளிச் சான்றுகளைக் கொண்டு எழுதப்படும் நேர்வுக்குப் பெரும்பாலும் நிறுவனத்தின் இசைவு கேட்கப்படுவதில்லை. நேரில் தகவல் திரட்டிய நேர்வுக்கு எழுத்துவழி இசைவு இன்றியமையாதது. உரிமையாளர் விரும்பினால் பெயரை மாற்றலாம். தொகைகள் அனைத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினால் விகிதங்கள் சிதையாமல் உண்மைத் தொகைகள் மறையும். ஆயினும், குரோம்பேட்டையிலோ பம்மலிலோ ஒரே ஒரு பட்டறை மட்டும் செய்யும் பொருளைக் குறிப்பிட்டுவிட்டால் பெயர் மாற்றத்தால் பயனில்லை. கடன் கொடுத்த வங்கியும் போட்டியாளரும் அவரை உடனே இனங்காண்பர். அவ்விடத்து இடத்தையோ பொருளையோ சேர்த்தே மாற்ற வேண்டும்.

இங்கு மொழியும் ஒரு சிக்கலாகிறது. உரையாடல் தமிழில் நிகழ்கிறது. நேர்வு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. இசைவுக் கடிதமும் ஆங்கிலத்திலேயே கையொப்பத்திற்கு வைக்கப்படுகிறது. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க இயலாத ஒருவரிடம் பெறும் கையொப்பம் சடங்காகவே எஞ்சும். முழு நேர்வையும் தமிழில் தந்து, அவர் திருத்தியபின் இசைவு பெறுவதே முறையாகும். ‘அன்று எனக்கு அந்தக் கணக்கு தெரியாது’ என்று அவர் சொல்லும் ஒரு திருத்தம், நேர்வின் கால எல்லையையும் சரிசெய்துவிடும்.

முடிவுரை
இசைவுக்காக உருவாகும் தமிழ் வடிவமே வகுப்பறைக்கும் பயன்படும். தமிழ்வழி பயின்று மேலாண்மைக் கல்விக்கு வரும் மாணவர், ஆங்கிலத் தயக்கமின்றித் தம் முடிவை வாதிட அது இடமளிக்கும். கற்பித்தல் நேர்வின் பயன் விவாதத்தில் உள்ளது. தாம்பரம் முதல் மறைமலைநகர் வரையிலான தொழில்கள் அதற்குரிய களங்களாகும். அவற்றை எழுதுவோர், தகவல் தந்தவரைத் தம் முதல் மதிப்பாய்வாளராகக் கொள்ளுதல் வேண்டும்.