உங்களுக்குத் தெரியுமா? சிங்கப்பூரில் தமிழுக்காக எழுந்த மாதா கோவில்

சிங்கப்பூர் ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயம், அங்கே குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்டது. 1886இல் அடிக்கல் நாட்டி, 1888இல் திறந்தார்கள். அதுவரை அவர்கள் குவீன் வீதியின் புனித பேதுரு பவுல் ஆலயத்தைச் சீனக் கத்தோலிக்கரோடு பகிர்ந்துகொண்டார்கள். விசுவாசம் ஒன்று, பூசையும் எல்லாருக்கும் லத்தீனில்தான்; பிறகு தனிக் கோவில் எதற்கு? பிரசங்கம், ஞானோபதேசம், பாவசங்கீர்த்தனம் மூன்றும் அவரவர் தாய்மொழியில் நடந்தாக வேண்டும் என்பதே காரணம். மனச்சுமையை அரைகுறையாய்த் தெரிந்த மொழியில் இறக்கிவைக்க முடியாது.

‘கட்டடம் பிரான்சின் லூர்து ஆலயத்தைப் பார்த்துக் கட்டியது, கட்டுவித்தவரும் பிரெஞ்சுக் குருவானவர், இதில் தமிழ் எங்கே?’ என்று கேட்கலாம். ஆனால் அந்தக் குருவானவர் சார்ந்த பாரீஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபை புதுச்சேரியிலும் பணியாற்றியது; அதனருகே வில்லியனூரில் 1877இலேயே லூர்து மாதா கோவில் கொண்டுவிட்டாள். ஆகவே தமிழருக்கு அவள் புதியவள் அல்லள். மொழிவாரிக் கோவில்கள் திருச்சபையைப் பிரிக்கும் என்ற அச்சமும் சிங்கப்பூரில் பலிக்கவில்லை. இன்று ஓஃபிர் சாலை ஆலயத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் திருப்பலி நடக்கிறது. பல இனத்தாரும் வருகிறார்கள். 2005இல் சிங்கப்பூர் அரசு அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. ஒரு மொழியாருக்கென்று எழுந்த கோவில், நாட்டுக்கே பொதுச்சொத்தாகிவிட்டது.