இலைக்கு வெயில், வேருக்கு நிழல்

சென்னையில் போன்சாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதல் மரத்தை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் கேட்கிற முதற் கேள்வி, அதற்கு வெயில் எவ்வளவு வேண்டும் என்பதுதான். இதற்குச் சரியான விடை தெரியாத காரணத்தால் இரண்டு விதமான தீங்குகள் நேர்கின்றன. சிலர், இவ்வளவு சிறிய மரம் நம்மூர் உஷ்ணத்தைத் தாங்காது என்று பரிதாபப்பட்டு, அதை வரவேற்பறையில் ஓர் அலங்காரப் பொருளாக வைத்து, இலைகள் ஒவ்வொன்றாக உதிர்வதைக் கண்டு கலங்குகிறார்கள். வேறு சிலர், ஆலமரம் வெயிலில் வளர்வதுதானே என்ற தைரியத்தில் மொட்டை மாடித் தளத்தின் நடுவிலேயே அதை வைத்துவிட்டு, அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் கிளை நுனிகள் கருகி நிற்கக் காண்கிறார்கள். முன்னது வெளிச்சப் பஞ்சத்தால் வருவது. பின்னது உஷ்ண மிகுதியால் வருவது. வெளிச்சமும் உஷ்ணமும் சூரியனிடமிருந்து சேர்ந்தே வந்தாலும், மரத்தின் உடம்பில் அவை வெவ்வேறு இடங்களில் வேலை செய்கின்றன என்பதை உணர்ந்தவர்கள் இரண்டு தீங்குகளையும் விலக்கிவிடலாம்.

முதலில் வெளிச்சத்தைப் பற்றிப் பார்ப்போம். வேர் அனுப்பும் ஜலத்தையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் சூரிய ஒளியின் சக்தியைக் கொண்டு சர்க்கரையாக மாற்றி, அந்த ஆகாரத்தாலேயே மரம் ஜீவித்திருக்கிறது. உச்சி வேளையில் திறந்த வெளியில் விழும் வெளிச்சத்தின் அளவு ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் என்றால், நல்ல வெளிச்சம் இருப்பதாக நாம் நினைக்கிற ஒரு கூடத்தின் நடுவில் இருப்பது சில நூறு லக்ஸ் மட்டுமே. நம்முடைய கண்மணி இடத்துக்கு ஏற்றபடி விரிந்தும் சுருங்கியும் இந்தப் பெரிய வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. இலையோ தனக்குக் கிடைத்த ஒளியின் அளவுக்கு மேல் ஓர் அணுவும் ஆகாரம் செய்ய முடியாமல், சேமிப்பைச் செலவழித்துக்கொண்டே மெல்ல மெல்ல க்ஷீணிக்கிறது.

வெளிச்சக் குறைவு மரத்தின் உயிரை வாட்டுவதோடு அதன் உருவத்தையும் கெடுக்கிறது. ஒரே தாய்மரத்துக் கிளைகளிலிருந்து எடுத்த இரண்டு கல்லிச்சிக் கன்றுகளில் ஒன்றை ஜன்னலோரத்திலும் மற்றொன்றைத் திறந்த மாடியிலும் வளர்த்து, சில மாதங்களுக்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ஜன்னலோரத்துக் கன்றில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கும். இலைகள் அகன்று, மெலிந்து, தொட்டால் துவளும். கிளைகள் எல்லாம் ஜன்னல் பக்கமாகவே சாய்ந்து நீளும். மாடியில் வளர்ந்ததில் கணுக்கள் நெருங்கியும், இலைகள் சிறுத்துத் தடித்துப் பளபளப்பாகவும், கிளைகள் மேலும் மேலும் கிளைத்தும் இருக்கக் காணலாம். போன்சாய்க் கலையின் சாரமே சிறிய வடிவில் முதிர்ந்த விருக்ஷத்தின் லட்சணங்களைக் காட்டுவது. சிற்றிலையும் குறுங்கணுவும் நெருங்கிய கிளைப்பும் அந்த லட்சணங்கள். கத்தரிக்கோலும் கம்பியும் அவற்றுக்கு ஒழுங்கு தரலாமே தவிர, அவற்றை உண்டாக்குகிறவன் சூரியனே.

ஆனால் இலை எவ்வளவு வெளிச்சத்தையும் வரம்பின்றிக் கிரகித்துக்கொள்ளும் என்று எண்ணலாகாது. பெரும்பாலான மரங்களின் தனி இலை, உச்சி வெயிலின் பிரகாசத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கிடைத்தாலே தன் முழு வேகத்தில் ஆகாரம் செய்யத் தொடங்கிவிடுகிறது. அதற்கு மேற்பட்ட ஒளியை அது வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டியிருக்கிறது. ஜலம் தாராளமாகக் கிடைக்கும் வரையில், இலையின் அடிப்பக்கத்து நுண்துளைகளின் வழியே நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். வேரிலிருந்து ஜலம் வருவது தடைப்பட்டதும் அந்தத் துளைகள் மூடிக்கொள்ள, குளிர்ச்சியும் நின்று, கரியமில வாயுவின் வரவும் நின்று, வெயில் மட்டும் இடைவிடாமல் தாக்க, இலையின் ஓரம் தீய்ந்துபோகிறது. ஆகவே, இலை கருகினால் இலையின்மீது விழுந்த வெயிலை மட்டும் பழிக்காமல், வேருக்கு என்ன நேர்ந்தது என்று ஆராய்வதே விவேகம்.

அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்திலுள்ள புகழ்பெற்ற ஆலமரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் எளிதில் விளங்கும். 1989-ஆம் வருஷத்துப் புயற்காற்றில் அடிமரம் சாய்ந்த பின்னும் விழுதுகளையே தூண்களாகக் கொண்டு அது நிலைத்து நிற்கிறது. அதன் முடி நாள் முழுவதும் வெயிலை வாங்கிக்கொண்டிருக்க, அடியிலுள்ள மண்ணோ சித்திரை மாதத்து மத்தியானத்திலும் குளிர்ந்தே இருக்கிறது. பெரிய மரம் தன் வேருக்குத் தானே நிழல் கொடுத்துக்கொள்கிறது. அந்த வேரும் வெப்பம் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. மயிலாப்பூர்ப் பழைய வீடுகளின் கைப்பிடிச் சுவர் வெடிப்பில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே தழைக்கும் அரசங்கன்றின் ரகசியமும் இதுவே. இலைகள் கொளுத்தும் வெயிலில் அசைந்தாலும், வேர் கனத்த செங்கற்சுவரின் உள்ளே ஈரமும் நிழலும் தேடி வெகுதூரம் ஓடியிருக்கிறது.

இரண்டு மூன்று அங்குல ஆழமுள்ள தட்டில் வாழும் சிறு மரத்துக்கு இந்த வசதிகளில் ஒன்றும் இல்லை. சிறிய முடியின் நிழல் தட்டு முழுவதையும் மறைப்பதில்லை. ஒரு பிடி மண் விரைவில் சூடேறிவிடுகிறது. கீழே மாடித் தளம் தோசைக்கல்லைப் போல் கொதிக்கிறது. மண்ணின் வெப்பம் 38 அல்லது 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேரின் வளர்ச்சி தளர்கிறது. 50 டிகிரியை நெருங்கினால் மெல்லிய வேர்கள் இறந்துபடுகின்றன. மே மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்குத் தட்டின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையை அங்கே நிறுத்த முடியாவிட்டால் வேரும் அங்கே இருக்க முடியாது. அந்த வேளையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரும் சுடுமாதலால், அதை அப்படியே ஊற்றினால் துன்பம் இரட்டிக்கும். காலையிலேயே ஒரு வாளியில் பிடித்து நிழலில் வைத்த ஜலத்தைப் பயன்படுத்துவது நல்லது.

எனவே பெரிய மரம் தனக்குத் தானே செய்துகொள்வதை, சிறிய மரத்துக்கு வளர்ப்பவர் செய்து தர வேண்டும். தட்டைத் தளத்தின்மீது வைக்காமல் மரப்பலகையின்மேல் உயர்த்தி வைக்கலாம். ஈரமணல் பரப்பிய அகன்ற தாம்பாளத்தின்மேல் அமர்த்தலாம். மண்ணின் மேற்பரப்பைத் தேங்காய் நாரால் மூடலாம். தட்டைச் சுற்றி நனைத்த சாக்கைச் சுற்றலாம். இவ்வளவும் செய்துவிட்டால், ஆல் இனத்து மரம் ஒன்று சென்னை வெயிலை ஆச்சரியப்படத்தக்க அளவு ஏற்றுக்கொள்ளும்.

இனி, நம் ஊரில் வெயில் வரும் வழியை ஆராய்வோம். போன்சாயைப் பற்றிய நூல்களில் காணும் யோசனைகளில் பல ஜப்பானிய அனுபவத்திலிருந்து பிறந்தவை. 1923-ஆம் வருஷத்துப் பெரும் பூகம்பத்துக்குப் பின் டோக்கியோவை விட்டு வெளியேறிய வல்லுநர்கள் 1925-இல் குடியேறிய ஓமியா கிராமம், ஏறத்தாழ 36 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே டிசம்பர் மாதத்து உச்சிச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 31 பாகை உயரமே எழும்புகிறது. 13 பாகை அட்சரேகையிலுள்ள சென்னையில் அதே நாளில் 53 பாகைக்கு எழும்புகிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும் சூரியன், இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே சென்றுவிடுவதால், அப்பொழுது நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியையே தோட்டமாகக் கொண்டவர்களுக்கு இது மிகவும் பயன்படும் செய்தி. தியாகராய நகரில் வடக்கு நோக்கிய பால்கனி ஒன்று, சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயிலைப் பெற்று, மார்கழியில் முற்றிலும் நிழலில் ஆழ்ந்துவிடும். மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் தெற்கு நோக்கிய மாடம் ஒன்று, கோடையில் வெயிலின்றி இருந்து ஐப்பசி முதல் மாசி வரை வெயிலில் குளிக்கும். கிழக்கு நோக்கிய இடம் எல்லாவற்றிலும் உத்தமம். சூர்யோதயம் முதல் பதினொரு மணி வரை, வெளிச்சம் நிறைந்தும் உஷ்ணம் குறைந்தும் அங்கே கிடைக்கிறது. மேற்கு நோக்கிய இடம் கடினமானது. வெயிலோடு, சூடேறிய சுவரின் அனலும் இரவு வரை வீசும். ஆகவே இவ்வூரில் மரத்தை ஒரே இடத்தில் வருஷம் முழுவதும் நிறுத்தாமல், சூரியனைத் தொடர்ந்து இடம் மாற்றுவதும், வாரம் ஒரு முறை தட்டைக் கால்வட்டம் திருப்பி வைப்பதும் அவசியம்.

பருவந்தோறும் அனுசரிக்க வேண்டிய முறையும் இதிலிருந்தே பிறக்கிறது. தை முதல் பங்குனி வரையிலும், ஆவணி, புரட்டாசியிலும் பெரும்பாலான மரங்களை நாள் முழுவதும் திறந்த வெயிலில் விடலாம். சித்திரை முதல் ஆனி வரை, காலை வெயில் ஐந்து மணி நேரம் நேரடியாகப் படவேண்டும். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்றரை மணி வரை, பாதி வெளிச்சத்தைத் தடுக்கிற 50 சதவிகித நிழல்வலையின் கீழே இருக்கவேண்டும். கடற்காற்று நேரத்தோடு வீசும் நாட்களில் பெஸன்ட் நகரிலும் அடையாற்றிலும் உள்ள மாடிகள் நண்பகலை ஒட்டிக் குளிரத் தொடங்கிவிடும். ஆனால் மேற்குக் காற்று வலுத்து அதைத் தடுத்து நிறுத்துகிற நாட்களே இலைகளைக் கருக்குகின்றன. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானதை நினைவில் வைத்து, அத்தகைய நாட்களில் காலையும் மாலையும் நீர் ஊற்றவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை தலைகீழாகிறது. வெயில் குறைந்து மண் உலராமல் வேர் அழுகும் அபாயம் உண்டாவதால், தட்டின் ஒரு பக்கத்தின் அடியில் செங்கல்லைக் கொடுத்துச் சாய்த்து வைத்து, மேகம் விலகும் ஒவ்வொரு மணி நேரத்து வெயிலையும் மரத்துக்குச் சேர்க்கவேண்டும்.

எல்லா மரங்களின் ஸ்வபாவமும் ஒன்றல்ல. ஆல், அரசு, கல்லிச்சி, புளி, கொடுக்காப்புளி ஆகியவை தினம் ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர்வெயிலில் செழிப்பவை. காகிதப்பூவுக்கு அவ்வளவு வெயில் கிடைக்காவிட்டால் இலை மட்டும் மண்டிப் பூ அரிதாகிவிடும். ஊசியிலை மரத்தின் தோற்றத்தை விரும்புகிறவர்களுக்கு நம் கடற்கரைச் சவுக்கு இருக்கிறது. இந்தோனேசியக் கலைஞர்கள் அதிலிருந்து அற்புதமான போன்சாய்களை உருவாக்குகிறார்கள். தென்னிந்தியப் புதர்க்காடுகளுக்கும் உரிய குரங்கு வெற்றிலை, காலை வெயில் மூன்று நான்கு மணி நேரத்தோடு திருப்தி அடையும். குளிர்காலத்தில் உறங்கி எழவேண்டிய ஜப்பானிய மேப்பிளும் பைனும் இங்கே எந்த நிழலில் வைத்தாலும் நலிவுறும். அவற்றுக்கு வேண்டியது குளிர், நிழல் அதற்கு ஈடாகாது. மைசூரில் சச்சிதானந்த ஆசிரமத்துப் போன்சாய்த் தோட்டத்தைக் கண்டு களித்துத் திரும்புகிறவர்களும், அவ்வூர் 2,500 அடி உயரத்தில் இருப்பதைக் கருதியே தங்கள் மரத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நிழலில் தோன்றிய இலை, நிழலுக்கென்றே மெல்லியதாக அமைந்தது; அது பின்னர் வெயிலைத் தாங்கும் இலையாக மாறாது. கடையின் நிழற்கூரையிலிருந்து வந்த மரத்தை முதல் நாளே வெட்டவெளியில் வைக்காமல், காலை ஒரு மணி நேரத்தில் தொடங்கி, புதுத்தளிர்கள் தோன்றி முதிரும் வரை இரண்டு மூன்று வாரங்களில் வெயிலைப் படிப்படியாகக் கூட்டவேண்டும். தம் வீட்டில் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று ஒரு வருஷம் கவனித்துக் குறித்துக்கொண்டு, அதற்கு இணங்கிய மரத்தை வாங்குகிறவர்களுக்கு இந்தக் கலை வசப்படும். வெயிலே வராத வீட்டில் பத்து மரங்களை வாட்டுவதைவிட, வெயில் வரும் ஒரு மூலையில் நம் மண்ணுக்குரிய ஓர் ஆலங்கன்றை, முடி வெயிலிலும் அடி குளிர்ச்சியிலும் இருக்க வளர்ப்பதே சிறந்தது. அவ்விதம் வளர்க்கப்பட்ட மரம் வளர்த்தவருடைய பேரக் குழந்தைகளின் காலத்திலும் தழைத்திருக்கும்.